2⁶⁷ − 1: ஒரு 21 இலக்க எண்ணின் காரணிகளைத் தேடுவோம்

மும்பையில் செம்பூர், மாதுங்கா பக்கம் டியூஷனுக்கு வரும் நம் பிள்ளைகள் கேட்பதுண்டு: "சார், பெரிய எண் பகா எண்ணா பகு எண்ணான்னு பார்க்க 3, 5, 7ன்னு வகுத்துக்கிட்டே போகணுமா?" எல்லா எண்ணுக்கும் தேவையில்லை. எந்த வடிவத்தில் எழுதப்படுகிறது என்பதே சில எண்களில் துப்புக் கொடுத்துவிடும்.

படி 1: எண்ணை முழுசாகப் பாருங்கள்

பல போன் கால்குலேட்டர்கள் இங்கே உதவாது. எக்செல் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். பைத்தான் நிரல்மொழியில் 2**67 - 1 என்று அடித்தால் முழுசாக வரும்:

147573952589676412927

இது பகா எண் என்று 1644இல் எழுதிவைத்தார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அதை மறுத்தார். வேடிக்கை என்னவென்றால், பகு எண் என்று நிரூபித்தவர் கையில் ஒரு காரணிகூட இல்லை! காரணிகளைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் கோல், 1903இல்.

படி 2: சின்ன எண்ணில் பழகுங்கள்

2²³ − 1 எடுத்துக்கொள்வோம். அடுக்கு (இங்கே 23) 2 அல்லாத பகா எண்ணாக இருந்தால், இந்த வகை எண்ணின் எந்தப் பகாக் காரணிக்கும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு:

- அதிலிருந்து 1ஐக் கழித்தால், அடுக்கின் இரு மடங்கால் (இங்கே 46ஆல்) மீதியின்றி வகுபடும்.
- அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7.

முதலாவது ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து வருகிறது. இரண்டாவதற்கான நிரூபணம் கொஞ்சம் நீளம், இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.

46 + 1 = 47. பகா எண்தான். 8ஆல் வகுத்தால் மீதி 7. ஆக, முதல் ஆளே தகுதியானவர். இனி 2²³ஐப் பெருக்காமல், 47ஆல் வகுத்த மீதியை மட்டும் தூக்கிக்கொண்டு போவோம்:

2¹⁰ = 1024, மீதி 37. அதை −10 (37 − 47) என்று எழுதினால் வேலை சுலபம்.
2²⁰ → (−10) × (−10) = 100, மீதி 6.
2²³ → 6 × 8 = 48, மீதி 1.

மீதி 1 என்றால், 2²³ − 1 என்பது 47ஆல் சரியாக வகுபடுகிறது. லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால் குர்லாவில் ஆரம்பித்து தாதர் வருவதற்குள் முடித்துவிடலாம்.

படி 3: 67க்கு வாருங்கள்

இப்போது 134இன் மடங்குகளோடு 1 கூட்ட வேண்டும்: 135, 269, 403, 537... 8ஆல் வகுக்கும் சோதனை இதில் பாதியைத் தள்ளிவிடும். 135, 537 இரண்டும் அதில் தப்பினாலும் பகா எண்கள் அல்ல.

எவ்வளவு தூரம் போக வேண்டும்? முதல் காரணி 193707721. அதாவது 134 × 1445580 + 1. பாதியைத் தள்ளிய பிறகும் ஏழு லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். கணினி இல்லாத காலத்தில் இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்க முடியாது. கோல் இருபடி எச்சங்களை (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை) வைத்துத் தேடலைச் சுருக்கினார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பைத்தானில் (2**67 - 1) % 193707721 என்று கொடுங்கள் (% மீதியைக் காட்டும்), 0 வரும்.

படி 4: பெருக்கலைச் சரிபாருங்கள்

கோல் தந்த விடை: 193707721 × 761838257287.

இலக்கங்களைக் கூட்டுங்கள். முதல் காரணிக்கு 37, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவதற்கு 64, 10, 1. பெருக்கினால் 1. நம் 21 இலக்க எண்ணுக்கு 109, 10, 1. பொருந்துகிறது. ஆனால் இதை நிரூபணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இந்தச் சோதனை கண்டுகொள்ளாது.

பயிற்சி: 2²⁹ − 1. 58இன் மடங்குகளோடு 1 கூட்டி, 8ஆல் வகுக்கும் சோதனையைப் போட்டு, பகா எண் அல்லாததையும் தள்ளுங்கள். முதலில் தேறுவது 233. படி 2 போலவே மீதிகளைப் போட்டுப் பாருங்கள், கடைசியில் 1 வர வேண்டும்.