புற்றுநோய் மருந்தும் அசதியும்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களைக் கேட்டால், வாந்தியைக்கூடத் தாங்கிடலாம், இந்த அசதியைத்தான் தாங்க முடியவில்லை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதே ஆள், "கொஞ்சம் அசதியா இருக்குதுங்க, மத்தபடி ஒண்ணுமில்லைங்க" என்று முடித்துக்கொள்கிறார். தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் விடிகாலையில் பஸ் ஏறிக் கோவைக்கு வந்து, மணிக்கணக்கில் காத்திருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்புகிறார்கள். சிலருக்குக் கூச்சம். சிலருக்கு, சொன்னால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்ற பயம். வீட்டிலிருப்பவர்களும் "மருந்து வேகம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அசதிக்குக் காரணம் ஒன்றல்ல. கீமோ, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைத் தாக்குவதால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தால் உடம்பில் சோடியமோ மக்னீசியமோ குறைந்திருக்கலாம். இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை, எடுப்பவர்களுக்குத் தைராய்டு மந்தமாகியிருக்கலாம். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கலாம். இவை ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், வைத்தியமும் உண்டு. தைராய்டு என்றால் தினம் ஒரு மாத்திரையில் ஆள் தெளிந்துவிடலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே பரிசோதனை எழுதுவார்?

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "தெம்பே இல்லைங்க" என்றால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. போன மாதம் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி வரை போய்வந்தேன், இப்போது வாசல் தாண்டுவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது, மூச்சும் வாங்குகிறது என்று சொன்னால் அது ஒரு தகவல். பாயிலிருந்தோ தாழ்வான கட்டிலிலிருந்தோ கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, நடந்தால் பரவாயில்லை என்றால் அது வேறு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தால் தொடைத் தசை இளைத்து இப்படி ஆகும். மூன்றாவது, நரம்பு. பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும். திருப்பூரில் செக்கிங் பார்க்கும் பெண்ணுக்குத் துணியில் இருக்கும் பிசிறு விரலுக்குத் தட்டுப்படாமல் போகும். காலில் இருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். இதையும் நாம் "கால்ல சத்தே இல்லை" என்றுதான் சொல்கிறோம். இப்படி இருந்தால் அடுத்த டோஸ் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் முடிவெடுக்க வேண்டியது அதைப் பொறுத்துத்தான்.

அப்புறம், குளுக்கோஸ் பாட்டில். ஊரில் யாருக்கு அசதி என்றாலும் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் ஆழமான நம்பிக்கை. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய இரண்டு இட்லியின் கலோரி. சோடியம் ஏற்கனவே குறைந்தவருக்கு இது இன்னும் குறைத்துவிடும், சர்க்கரை உள்ளவருக்கு ஏற்றிவிடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்திய இடமே கிருமி நுழைய வழி. வாந்தி பேதியால் நீர் வற்றிப்போனவருக்கு டிரிப் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் எதை ஏற்றுவது என்று கீமோ போட்ட மருத்துவமனையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பீட்ரூட் ஜூஸும் பேரீச்சையும் அப்படித்தான். சாப்பிடலாம், ஆனால் மஜ்ஜை சோர்ந்து ரத்தம் குறைந்தவருக்கு அவற்றால் ஹீமோகுளோபின் ஏறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். 8-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்றலாமா என்று டாக்டர் யோசிக்கிற கட்டம் அது.

சாப்பாட்டில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பத்தியம். கோழி சூடு, முட்டை ஆகாது, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கஞ்சித் தண்ணியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். புற்றுநோய் உள்ளவருக்குத் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்குக் குறைந்தது 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்றால், கஞ்சியில் என்ன கிடைக்கும்? கிடைக்காத புரதத்தை உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் அரிசிம்பருப்பு சாதம் குழைய வெந்தால் வாய்ப்புண் உள்ளவருக்கும் இறங்கும், கூடவே நன்றாக வெந்த முட்டை, தயிர், கொள்ளுப் பருப்பு. பசி இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய். தெம்பு வரட்டும் என்று நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றுவதை மட்டும் கண்டிப்பாக விடுங்கள், அது தொற்றை வலிய அழைப்பது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டரே சொல்லட்டும்.

"நீங்க படுங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த அசதி படுத்தால் தீராது, நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் கூடும். மிதமான நடைக்குக் கீமோ அசதியைக் குறைக்கும் சக்தி உண்டு என்பது ஆய்வுகளில் நன்றாகவே உறுதியாகியிருக்கிறது. வாரம் மூன்று நாள், முடிந்தால் அரை மணி வரை. முதலில் களத்தை ஒரு சுற்று, அடுத்த வாரம் வாய்க்கால் வரை. கீமோ போட்டு இரண்டு நாள் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் சரிகிறவர்கள் உண்டு. கீமோவோடு சேர்த்துத் தந்த ஸ்டீராய்டு நின்றதும் வருகிற சரிவு அது. அந்த நாட்களில் நடையைக் குறைத்துக்கொள்ளலாம். எலும்புக்குப் பரவியிருந்தாலோ ரத்தம் உறைய உதவும் தட்டணு மிகக் குறைவாக இருந்தாலோ கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சொந்தபந்தம் வந்து பார்ப்பது நம் பக்கத்து முறை, வராவிட்டால் பங்காளிக்குள் பேச்சாகிவிடும். இருந்தாலும் நோயாளிக்குத் தொற்று ஒட்டாமலிருக்க, சளி இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்ப வீட்டில் ஒருவர் துணிய வேண்டும்.

மாத்திரையாக எடுக்கிறவர்கள் செய்யும் தவறு வேறு. அசதி தாங்காமல் கெபிசிட்டபினையோ இமாட்டினிப்பையோ நாலு நாள் நிறுத்திப் பார்க்கிறார்கள், அடுத்த முறை போகும்போது சொல்வதும் இல்லை. நோய் ஏன் கட்டுப்படவில்லை என்று டாக்டர் தேடிக்கொண்டிருப்பார். அளவைக் குறைக்கவும் இடைவெளி விடவும் டாக்டர்களுக்கு முறை இருக்கிறது, கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கஷாயம், லேகியம் எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். சிலது மருந்தோடு மோதும்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத இரண்டு உண்டு. ஒன்று, அசதியோடு காய்ச்சல். கீமோ முடிந்த 7 முதல் 14 நாட்களில் வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே அவசரம். பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டுப் படுக்கக் கூடாது. இன்னொன்று, முதுகுவலியோடு இரண்டு காலும் திடீரென்று விழுவது, சிறுநீர் போகாமல் நிற்பது. தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தம், தாமதித்தால் கால் திரும்ப வராது. 108-ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக, "புற்றுநோய்க்கு மருந்து போயிட்டிருக்குதுங்க, கடைசி கீமோ போட்டு இத்தனை நாளாச்சுங்க" என்று சொல்லி ஃபைலைக் கையில் கொடுங்கள்.