மிஷன் பயணத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மே மாத விடுமுறையில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளை ஜவ்வாது மலையில் உள்ள மிஷனெரிப் பணித்தளத்துக்கு நான்கு முறை கூட்டிப் போயிருக்கிறேன். பதிமூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள். ஐந்து நாள் அங்கே இருந்தால் கொடுக்கும் மனசு தானாக வந்துவிடும் என்றுதான் முதல் முறை நினைத்தேன். வரவில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, கூட்டிப் போன எங்களிடம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அப்பா பணத்தைப் பிள்ளை கையால் கொடுக்க வைப்பது. அந்த முதல் பயணத்துக்கு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டோம். பெற்றோர் ஜிபேயில் போட்டார்கள், போர்வையும் நோட்டும் நாங்கள் வாங்கினோம், வேனிலிருந்து மூட்டையை இறக்கியது மட்டும் பிள்ளைகள். அவர்களுக்கென்று எதுவும் குறையவில்லை. குறையாத இடத்தில் கொடுத்த உணர்வு எப்படி வரும்?

நம் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். அந்தப் பிடி அன்றைய சோற்றில் குறைந்த பிடி. 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நம் ஜனங்களின் காணிக்கையை நம்பித்தான் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது.

இப்போது ஆறு மாதம் முன்பே காசு சேர்க்க ஆளுக்கொரு டப்பா கொடுத்துவிடுகிறோம். வீட்டில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு அக்காவோடு பிச்சிப்பூ கட்டி 312 ரூபாய் சேர்த்திருந்தாள், பெரும்பாலும் சில்லறை. கடையில் போர்வையை விரித்து ஓரத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். "அக்கா, இது ரெண்டு மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டாள். முந்தைய தடவை யாரும் தையலைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

கேட்காமல் வாங்குவது அடுத்த தவறு. நாங்கள் சுமந்து போன நோட்டெல்லாம் அங்குள்ள அரசுப் பள்ளியில் விலையில்லாமலே கிடைக்கிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது மழைக்குத் தார்ப்பாய். அங்கேயே குடியிருக்கும் ஊழியரிடம் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த போனை இப்போது பிள்ளைகளையே பேச விடுகிறோம். பழைய துணி விஷயத்தில் ஒரே அளவுகோல்தான்: உங்கள் பிள்ளை நாளைக்குப் போட்டுக்கொள்ளுமா? போடாது என்றால் மூட்டையில் வைக்காதீர்கள்.

ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் பொருள் வாங்க டோக்கன் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அங்கே கொடுப்பது விலை பேசுவதாகிவிடுகிறது. அதைப் பார்க்கும் நம் பிள்ளையும் அதையே கற்றுக்கொள்கிறது.

போட்டோவும் அப்படித்தான். பொருளை நீட்டும் கை, வாங்கும் கை, நடுவே கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் நம் பிள்ளை. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ண வைத்தவர்கள் நாம்தானே? பராமரிப்பு இல்லங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்குள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது.

வாங்கிக்கொள்ளத் தெரியாமல் இருப்பதை நான் வெகுகாலம் தவறாகவே நினைக்கவில்லை. இரண்டாம் பயணத்தில் ஒரு பாட்டி தையல் இலையில் பலாச்சுளை கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பையன் ஒருவன், "வேண்டாம் பாட்டி, நீங்களே சாப்பிடுங்க" என்றான். இரக்கத்தில்தான் சொன்னான். பாட்டி ஒன்றும் பேசாமல் இலையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். "பாட்டி, அந்தப் பழம் இருக்கா?" என்று அவனே கேட்டான். கொட்டையைச் சுட்டும் தந்தார். அவருடைய பேரன்களின் பெயரெல்லாம் அந்தத் திண்ணையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. அவர் 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று கீழே அமர்ந்து கேட்ட அந்த மேல்நாட்டாரின் இடத்தில்தான் மலைக்குப் போகும்போது நாம் இருக்கிறோம். இதைக் கிளம்புவதற்கு முந்தின இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்ததும் ஆராதனையில் சாட்சி சொல்ல வைத்து அதோடு விட்டுவிடுவதும் தவறு. டப்பாவைத் திரும்ப வாங்காதீர்கள். எங்கள் ஐக்கியத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு அதை எண்ணி, பணத்தோடு ஒரு கடிதமும் பிள்ளைகள் எழுதி அனுப்புகிறார்கள். போன மாதம் 640 ரூபாய். பலாச்சுளை சாப்பிட்ட பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், கடிதத்தில் பாட்டியின் கால்வலியை விசாரித்து இரண்டு வரி சேர்க்கச் சொல்லி விடுதியிலிருந்து போன் பண்ணுகிறான்.