கரிசல் மண்ணில் வீடா? பைல் போடும் முன் இதைப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தோண்டினால் உடனே பாறை வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் மனை வாங்குகிறோம். ஆனால் பள்ளமான கரிசல் காடும், மண் கொட்டி மேடாக்கிய இடமும் அப்படியில்லை. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தால், மழையில் அந்த மண் உப்பி அஸ்திவாரத்தையே தூக்கும்.

முதல் வேலை மண் பரிசோதனை, அதில் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். மனையின் எதிரெதிர் மூலையில் இரண்டு இடத்திலாவது துளை போடச் சொல்லுங்கள். நம்ம ஊரில் உருண்டைப் பாறை அதிகம், அதில் கருவி முட்டி நின்றதும் பாறை வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள், அதனால் இன்னும் கொஞ்சம் துளைத்து உறுதி செய்யுங்கள். நிஜமாகவே பாறை மேலேயே இருந்தால் பைலே, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் காலே, தேவையில்லை.

கரிசல் மண்ணுக்கு, அடிப்பகுதி குமிழ் போல அகன்ற அண்டர் ரீம் பைல்தான் சரி. தண்டின் விட்டம் 300 மி.மீ. என்றால் குமிழின் விட்டம் 750, அதாவது இரண்டரை மடங்கு. ஆழம் குறைந்தது 3.5 மீட்டர், பைலுக்குப் பைல் 1.5 மீட்டர் இடைவெளி. மேலே வரும் வீட்டுத் தூணின் பாரம் 24 டன், ஒரு பைல் பத்திரமாகத் தாங்குவது 12 டன் என்று பொறியாளர் சொன்னால் இரண்டு பைல். கொட்டிய மண்ணின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது அமுங்கும்போது பைலையும் கீழே இழுக்கும்.

அப்புறம், பைல்களின் தலையை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமை மண்மேல் உட்கார வைக்காதீர்கள். அடியில் 80 மி.மீ. இடைவெளி விடுங்கள், மண் உப்ப இடம் வேண்டும்.