போதகரைக் கேள்வி கேட்டால் சாபமா? என் அனுபவம்

வேலை மாறுவதைக்கூட போதகரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற கிறிஸ்தவ சபையில் பல வருடம் இருந்தேன். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, குறைந்தால் விசாரணை, ஒரு ஞாயிறு வராவிட்டால் விசுவாசத்தை விட்டுப்போன பின்மாற்றக்காரன் என்ற பட்டம். நான் தனியாகப் போதகரிடம் பாவ அறிக்கை செய்த விஷயம் அடுத்த பிரசங்கத்தில், பெயர் மட்டும் இல்லாமல், அப்படியே வந்தது. பலர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். கணக்கு கேட்டவர்களுக்கு பைபிளின் சங்கீதம் 105:15தான் பதில், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே, அதாவது கடவுள் தேர்ந்தெடுத்தவரை எதிர்க்காதே என்று.

அந்தச் சங்கீதத்தை முழுசாக வாசித்தபோதுதான் பிடி கிடைத்தது. அது ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்கு விடுத்த எச்சரிக்கை, கேள்வி கேட்பவர் வாயை அடைக்க இல்லை. அந்தியோகியா நகரத்தில் அப்போஸ்தலன் பவுல், இயேசுவின் முக்கியச் சீடரான பேதுருவையே எல்லோர் முன்னாலும் கண்டித்ததை பைபிளின் கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுலுக்குச் சாபம் ஒன்றும் வரவில்லையே!

சரி, விலகினேன். அப்புறம் வந்த பயம்தான் பெரிசு, காய்ச்சல் வந்தாலே தண்டனையோ என்று தோன்றும். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மனநல ஆலோசகர், பயம் வரும்போதெல்லாம் அது யார் குரலில் கேட்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். பெரும்பாலும் போதகரின் குரல்தான். ஜெபிக்க முடியாத நாட்களில் என்னை வற்புறுத்திக்கொள்ளவில்லை, 88ஆம் சங்கீதம் போன்ற புலம்பல்களை மட்டும் வாசித்தேன். இப்போது வேறொரு சபைக்குப் போகிறேன். வரவு செலவுக் கணக்கை எல்லோருக்கும் காட்டுவார்களா என்பதைத்தான் அங்கே முதலில் விசாரித்தேன்.