வீட்டைக் காட்டிக் கொடுக்காத தோட்டம்: எச்.ஐ.வி. தொற்றுள்ள குடும்பங்களுக்காக வன்னியில் மரம் நடும் முறை

மண்வெட்டியைத் தூக்கும் முன்னர், யார் யாருக்குக் கன்று என்ற பெயர்ப்பட்டியலைப் பற்றி முடிவெடுங்கள். இலங்கையில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் தொகை குறைவு. அந்தக் குறைவுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. ஒரு கிராமத்தில் அப்படி ஒரேயொரு வீடுதான் இருக்கலாம். அந்த வீட்டுப் படலையில் மட்டும் கன்று இறங்கினால், பொழுதுபடுவதற்குள் ஊருக்கே விளங்கிவிடும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே கன்று ஒரு வீட்டுக்கல்ல, ஒழுங்கை முழுவதற்கும். 25 வீடென்றால் 25 வீட்டுக்கும் ஒரே பொதி.

அவ்வளவு கன்று கிடையாதென்றால் வரையறையை அகலமாக வையுங்கள்: பெண் தலைமைக் குடும்பம், முதியோர் தனித்திருக்கும் வீடு, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீடு, நாளாந்தம் மருந்து எடுப்பவர் உள்ள வீடு. சலரோகமா, சிறுநீரகமா, வேறெதுவுமா என்று கேட்கவே கூடாது. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்திடம் பெயர் கேட்காதீர்கள். திட்டத்தை மட்டும் சொல்லி வையுங்கள். விரும்பியவர் தாமாகவே மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வந்து பதியட்டும். பணம் தருபவர்கள் படம் கேட்டால் கன்றைப் படம் எடுங்கள், முகத்தை எடுக்காதீர்கள். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம், நல்ல மாரிக்குள் வருவதால் அன்றைக்கே பதாகையோடு நடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொள்கிறார்கள். அந்தப் பொது வேலைக்குள் இதுவும் சேர்ந்து போகட்டும்.

எந்த மரம்

உடம்பு இயலாத நாளிலும் தருகிற மரமே முதல் மரம். ஒவ்வொரு போகமும் கொத்தி விதைக்க வேண்டிய மரக்கறியை மட்டும் நம்பினால், வீட்டுக்காரர் இரண்டு கிழமை படுத்தாலே தோட்டம் போய்விடும். ஒரு வீட்டுக்கு 3 முருங்கை, 3 பப்பாசிக் கிடங்கு, 2 தேசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு அகத்தி, ஒரு மாதுளை அல்லது கொய்யா, ஒரு ஒட்டு மா. இதற்கு மேல் கொடுத்தால் வரட்சியில் தண்ணீர் ஊற்றக் கை காணாது. தென்னை நல்லதுதான், ஆனால் காய்க்க 5 வருடத்துக்கு மேல் ஆகும். இப்போதே பசியுள்ள வீட்டுக்கு அது இரண்டாம் வருட வேலை. யானை வந்து போகும் காட்டோரக் கிராமமென்றால் வாழையும் பலாவும் வைக்க வேண்டாம், தேசியைக் கூட்டுங்கள்.

எப்போது

பை நாற்றை ஆடியில் தொடங்குங்கள். மேல்மண், ஆற்றுமணல், நன்றாக உக்கிய மாட்டெரு ஒவ்வொரு பங்கு. முருங்கை விதையை ஆடியிலும், பப்பாசியை ஆவணிக் கடைசியிலும் போடுங்கள். பப்பாசி நாற்று 6 முதல் 8 கிழமையில் நடுகைக்கு வந்துவிடும். முந்திப் போட்டால் பைக்குள் வேர் சுருண்டுவிடும்.

கிடங்கு ஆவணியில். வன்னிச் செம்மண் அந்த நேரம் கல்லாய் இறுகிக் கிடக்கும். முதல் நாள் பின்னேரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, விடிய அலவாங்கால் கிண்டினால் பாதி வலியோடு முடியும். மாவுக்கு 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். தேசி, மாதுளை, பப்பாசிக்கு 2 அடி. மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் குவியுங்கள். புரட்டாசியில் மேல்மண்ணோடு ஒரு பெரிய கடகம் உக்கிய எரு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணி போட்டால் கறையான் தேடி வரும், வேரும் வெந்துபோகும். அடியில் பொச்சுமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும்.

கிண்டும் முன்னர் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரும்புத் துண்டு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கள். காணி அனுமதிப்பத்திரம் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். கணவனை இழந்த பெண்ணின் மரம் மாமனாரின் காணியில் நின்றால், காய்க்கிற காலத்தில் வழக்கும் காய்க்கும்.

நடுவது ஐப்பசி, கார்த்திகையில், இரண்டாவது பெருமழைக்குப் பிறகு. முதல் மழையை நம்பி நட்டால் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிவிடும். மார்கழிக்குப் பிந்தினால் வேர் ஓட முன்னரே மாசி வெயில் வந்துவிடும்.

பப்பாசி சாவது எப்படி

வன்னியில் பப்பாசி காய்ந்து சாவதை விட நனைந்து சாவதே அதிகம். வேரடியில் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் போதும்: இலை மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று அழுகிச் சாயும். நடுவதற்கு முன்னர் கிடங்கில் 2 வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விடியவும் தண்ணீர் நின்றால் அந்தக் கிடங்கை மூடி, அதன் மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைத்து மேட்டில் நடுங்கள். சுற்றிக் கான் வெட்டி விடுங்கள். ஊர் விதையென்றால் ஒரு கிடங்கில் 3 நாற்று, சாண் இடைவெளியில். பூத்த பின்னரே ஆணா பெண்ணா தெரியும். நீண்ட காம்பில் கொத்தாய்த் தொங்கும் பூ ஆண் மரம். அதை வெட்டி, கிடங்குக்கு ஒரு காய்க்கும் மரத்தை விடுங்கள். ஒழுங்கைக்கு இரண்டு மூன்று ஆண் மரம் நின்றால் போதும்.

வைகாசியில் எழும்பும் சோளகக் காற்று காய்த்த பப்பாசியை முறிக்கும். தென்மேற்குப் பக்கம் அகத்தியும் கிளிசிரிடியாவும் நிற்கட்டும்.

முருங்கையைக் கைக்கெட்ட வையுங்கள்

தடி நடுவதென்றால் மணிக்கட்டுத் தடிப்பு, 4 அடி நீளம். வெட்டி இரண்டு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, ஒன்றரை அடி மண்ணுக்குள் போக நட்டு, மேல் நுனியில் சாணி அப்புங்கள். கொட்டும் மழையில் தடி அழுகும்; மார்கழிக் கடைசி நல்லது. நாற்றோ தடியின் தளிரோ இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிள்ளாத முருங்கை 15 அடிக்குப் போய்விடும், கொக்கத்தடி பிடிக்க வலுவில்லாத ஆளுக்கு அதனால் பயனில்லை. கிள்ளிக் கிள்ளி விட்டால் நின்ற நிலையில் ஒரு கை இலை ஒடிக்கலாம். மாரியில் தண்டில் அப்பும் மயிர்க்கொட்டியை உடம்பில் புண், கடியுள்ளவர் தொட வேண்டாம்.

இலை பிடிக்கும் பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 500 கிராமை இடித்து, 10 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரம் விசிறுங்கள்.

தண்ணீரும் வேலியும்

முதல் வரட்சியில் கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளி, 10 லீற்றர். 12 கன்றுக்கு 120 லீற்றர் கிணற்றில் அள்ளிச் சுமக்க வேண்டும். ஆகவே எல்லாம் கிணற்றுக்கு 20 எட்டுக்குள் நிற்கட்டும். மாவுக்கும் தேசிக்கும் பக்கத்தில் மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். சுட்ட முட்டியே வேண்டும், வர்ணம் பூசியது கசியாது. கன்றைச் சுற்றி நாலு விரல் தடிப்புக்கு வைக்கோல் அல்லது சருகு. தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள், இல்லாவிட்டால் கறையான்.

வேலியில்லாத கன்று கட்டாக்காலி மாட்டுக்குத்தான். கிளுவைக் கதியாலோ கிளிசிரிடியாவோ 5 அடியில் வெட்டி, அடிக்கொன்றாக, மழை தொடங்கியதும் நடுங்கள். ஒரு வீட்டை மட்டும் அடைத்தால் அதுவும் அடையாளம்தான். ஒழுங்கை வேலியைச் சிரமதானமாக ஒரே நாளில் அடையுங்கள்.

குனிய முடியாதவருக்கு உரப்பையில் மண் நிரப்பி வாங்கில் வரிசையாக வைத்துப் பொன்னாங்காணி, பசளி, வெண்டி. அடுப்படிக்குப் பக்கத்தில், இருந்துகொண்டே தண்ணீர் விடும் உயரத்தில்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள

எச்.ஐ.வி. மண்ணால் பரவாது, மரக்கறியால் பரவாது, ஒரே மண்வெட்டியைப் பிடிப்பதால், ஒரே வாளியில் தண்ணீர் அள்ளுவதால் பரவாது. இதைத் தொடக்கக் கூட்டத்தில் எல்லா நோயைப் பற்றியும் பேசும்போது சேர்த்துப் பேசுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் காலத்தில் மண்ணில் கிடக்கும் பூனை எச்சமும் கோழிக்கூட்டுத் தூசியும்தான் தொற்றுள்ளவருக்கு ஆபத்து. எனவே கையுறையும் செருப்பும் 25 வீட்டுக்கும். கோழிக்கூடு கூட்டுவது வேறொருவர் வேலை. பச்சைக் கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்து உண்பதே நல்லது.

முருங்கையிலை சாப்பாடு, மருந்தல்ல. அரச சிகிச்சை நிலையம் இலவசமாகத் தரும் குளிசையை நாள் தவறாமல் எடுப்பதுதான் உயிரைக் காக்கும். யாராவது இலைப்பொடியைக் காட்டிக் குளிசையை நிறுத்தச் சொன்னால் அது பெருங்கேடு. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகள் சில எச்.ஐ.வி. மருந்தின் வலுவைக் குறைக்கும். எந்த நேரம் எடுப்பதென்று மருந்து தருபவரிடம் கேட்க வேண்டும்.

முறை வைப்பது

ஐந்து வீட்டுக்கு ஒரு குழு. ஒரு வீட்டார் கிளினிக்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்தவீட்டுக்கு, எங்கு போனாலும் அடுத்த வீட்டார் அந்தக் கன்றுக்கும் ஊற்ற வேண்டும். முறையேட்டில் "தண்ணீர் விட்டது" என்று மட்டும் இருக்கட்டும், வராத காரணத்துக்கு நிரலே வேண்டாம். விற்பதும் சேர்ந்துதான்: தேசிக்காயும் பப்பாசியும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே கூடைக்குள் வந்து, சங்கத்தின் பெயரில் சந்தைக்குப் போகட்டும். "அந்த வீட்டுக் காய்" என்று ஒதுக்க ஒருவருக்கும் வழியிருக்காது. வவுனியாவுக்குக் கிளினிக் போய்வர பஸ் காசும் கையில் சேரும்.

அடுத்த ஐப்பசியில் ஒழுங்கை முழுவதும் நடந்து, பட்ட கன்றுகளை எண்ணுங்கள். ஐந்தில் ஒன்று படுமென்று கணக்கு வைத்து, மாற்றுக் கன்றுகளை அந்த ஆடியிலேயே பையில் போட்டிருக்க வேண்டும்.