வினாப்பட்டியலை முதலில் அச்சடிக்காதீர்கள்

புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களின் வரைவுகளைப் படித்தால் என் பழைய நோட்டைப் புரட்டுவதுபோல் இருக்கிறது. மேற்கோள் விட்டுப்போவது, அட்டவணை எண் மாறுவது எல்லாம் சின்ன விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்விக்கு முன்னால் கருவி

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். "எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?" என்று கேட்டால், "300 பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்துவிட்டேன்" என்கிறார்கள்.

நானும் அப்படித்தான் கெட்டேன். படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பது என் கேள்வி. கையில் எடுத்ததோ உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த அளவுகோல். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 5 கட்டங்களில் டிக் வாங்கி வந்தேன். சராசரி வந்தது, சதவீதம் வந்தது. நெறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்கூடத் தன் கதையைச் சொல்லவில்லையே?" என்றார். பணக் கஷ்டத்துக்கு 4 போட்டவருக்கு அது எப்போது தொடங்கியது, வீட்டில் யார் முதலில் பேச்செடுத்தார் என்று எழுதத் தாளில் இடமே இல்லை. ஏழு மாத உழைப்பு!

அப்புறம் செய்தது அதைவிட மோசம். அதே தரவை வைத்துக்கொண்டு 'பொருள்விளக்கவாத ஆய்வு' என்று பெயரை மாற்றினேன். மனிதர்கள் தங்கள் அனுபவத்துக்குத் தரும் அர்த்தத்தைத் தேடுவது பொருள்விளக்கவாதம். நம்மைச் சாராமல் வெளியே இருக்கும் உண்மையை அளக்கப் பார்ப்பது நேர்க்காட்சிவாதம். பதில்களை நானே அடைத்துக் கொடுத்துவிட்டு, அவர்களின் அர்த்தத்தைக் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? இயல் திரும்பி வந்தது. 16 பேரை நேரில் பார்த்துப் பேசி, மறுபடி தொடங்கினேன்.

'எத்தனை பேர், எது அதிகம்' என்றால் எண்ணுங்கள். 'எப்படி, அவர்களுக்கு அது என்னவாக இருந்தது' என்றால் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் கலப்பு முறை இருக்கிறது. ஆனால் எது முன்னால், எது பின்னால், ஏன் என்பதைக் களத்துக்குப் போகுமுன் எழுதிவிடுங்கள்.

மாதிரி 384

10 லட்சம் பேரில் எத்தனை பேரை மாதிரியாக எடுத்து ஆராய வேண்டும் என்பதற்கு, கிரெஜ்சி, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் தந்த அட்டவணை சொல்லும் எண் இது. எல்லோருக்கும் இடம்பெற ஒரே வாய்ப்பு இருக்கும் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தால்தான் அதற்கு மதிப்பு. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிச் சேர்த்தால் கையில் இருப்பது 384 படிவம், அவ்வளவுதான்.

கருதுகோள்

விடை இப்படி இருக்கலாம் என்று முன்கூட்டியே வைக்கும் ஊகம்தான் கருதுகோள். அதைத் தரவைப் பார்த்தபின் எழுதாதீர்கள்.

முறை, முறையியல்

நேர்காணல் ஒரு முறை. ஏன் நேர்காணல் என்று நீங்கள் சொல்லும் நியாயம் முறையியல்.

'பாரடைம்' என்ற சொல்

ஒரு துறையினர் பொதுவாக ஏற்று வேலை செய்யும் சிந்தனைச் சட்டகத்தைக் குறிக்க, அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962இல் பரப்பிய சொல். அவரே அதைக் குறைந்தது 21 பொருளில் ஆண்டிருக்கிறார் என்று 1970இல் மார்கரெட் மாஸ்டர்மன் என்ற ஆய்வாளர் எண்ணிக் காட்டினார். நீங்கள் எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.