மாரியில் பின்சில்லுக் கார்: வன்னியில் தினமும் ஓட்டப் பழகுபவர்களுக்கு

"அண்ணை, உந்தக் காரை மாரி முடியும்வரைக்கும் படங்கு போட்டு மூடி வையுங்கோ."

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை மாங்குளத்துக்குக் கொண்டுவந்த முதல் கிழமையே பக்கத்து வீட்டுத் தம்பி சொன்ன புத்தி இது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டே இருக்கை, நிலத்தோடு ஒட்டிய உடம்பு, துணிக் கூரை, இழுவை முழுவதும் பின்சில்லில். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை, வழுக்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் மின்னணு வசதி எதுவும் இல்லை. ஆனால் என்னிடம் இருப்பது இந்த ஒரு கார்தான், வேலை கிளிநொச்சியில். அதனால் மழையிலும் ஓட்டப் பழகினேன். நான்கு மாரி போய்விட்டது. இதே மாதிரிக் காரோ, பழைய லான்சர் பொக்ஸ், கேஈ70 கொரொல்லா போன்ற பின்சில்லுக் காரோ வைத்துக்கொண்டு முதல் மாரியை எதிர்பார்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானும் இதே கார்தான் வைத்திருக்கிறார். அங்கே பனிக்காலம். 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும், அதனால் குளிர்கால ரயர் மாற்றுவார். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படியே கட்டாயம். நமக்கு அந்த ரயர் சரிவராது. அதன் மென்மையான ரப்பர் நம் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆனால் அவர் எனக்குச் சொல்லித் தந்த மற்ற எல்லாமே இங்கும் பொருந்தியது.

முதலில், பின்பக்கம் ஏன் வழுக்குகிறது?

ஒவ்வொரு ரயருக்கும் ஒரு கொத்து அரிசி கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் ஓடுவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அந்த ஒரு கொத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். மழை பெய்தால் பாதிக் கொத்துத்தான் இருக்கிறது என்று நினையுங்கள். முன்சில்லு இழுக்கும் காரில் வளைவில் அதிகமாக மிதித்தால் முன்பக்கம் நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சில்லுக் காரில் அதே தவறைச் செய்தால் பின்சில்லின் அரிசி முடிந்து, பின்பக்கம் வெளியே போய்விடும். அப்போது பயந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும், பின்சில்லு இன்னும் இலேசாகும், கார் சுற்றும்.

எனக்கு இது முறிகண்டியில் விளங்கியது. பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, தூறல் மழையில் வீதிக்கு ஏறினேன். இடப்பக்கச் சில்லுகள் கரையில் கிறவலில், வலப்பக்கச் சில்லுகள் ஈரத் தாரில். பின்னால் ஒரு பஸ் வருவதைக் கண்டு முதல் கியரில் கொஞ்சம் கூட மிதித்தேன். சத்தம் பெரிதாக இல்லை. இருக்கைக்கு அடியில் யாரோ காரைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளியதுபோல ஓர் உணர்வு, அவ்வளவுதான். அடுத்த கணம் காரின் மூக்கு எதிர்ப்பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பஸ் ஓட்டியவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்ததால் தப்பினேன். கச்சான் பை கால்மாட்டில் கொட்டிக் கிடந்தது. வேகம் 15 கிலோமீற்றர்கூட இருந்திருக்காது.

படி 1: புரட்டாதியிலேயே ரயரைப் பாருங்கள்

உங்களிடம் மாரிக்கென்று செலவழிக்கக் கொஞ்சம் காசுதான் இருக்கிறதென்றால் எல்லாவற்றையும் ரயரில் போடுங்கள். ரிம், பாட்டு, லைற் எல்லாம் அப்புறம்.

ரயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ, அதாவது ரயரின் பள்ளம் வெட்டிய மேல்பரப்பு, அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் ரயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் மழைக்கு அதுவரை பொறுத்திருக்கக்கூடாது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனதுமே அந்த வேலை குறையத் தொடங்கும். ஒரு தீக்குச்சியில் 3 மில்லிமீற்றர் அளந்து பேனையால் கோடு போடுங்கள். அதைப் பள்ளத்துக்குள் விடும்போது கோடு வெளியே தெரிந்தால் மாரிக்கு முன்பே மாற்றுங்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். என் காரில் வெளியே பார்க்க நல்ல பூ இருந்தது. தூக்கி உள்பக்கத்தைப் பார்த்தபோது வழவழவென்று தேய்ந்திருந்தது.

பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது.

இனி, ரயர் கடைகளில் நான் அடிக்கடி வாதாடும் விஷயம். இரண்டு ரயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? "ஸ்டீரிங் முன்னுக்குத்தானே தம்பி, நல்லதை முன்னுக்குப் போடு" என்பார்கள். கேட்காதீர்கள். நல்ல ரயர் பின்னுக்குத்தான் போகவேண்டும், எந்தக் காராக இருந்தாலும். தண்ணீரில் முன்பக்கம் பிடிப்பை இழந்தால் கார் நேரே போகும், வேகம் குறைந்ததும் பிடிப்புத் திரும்பிவரும். பின்பக்கம் இழந்தால் கார் சுற்றும். புதிதாக ஓட்டுபவர் அதைத் திருத்துவது மிகக் கடினம். அதற்குமேல் நம்முடைய காரில் இழுவையும் அங்கேதான்.

காற்று: ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். என் காருக்கு 26 பிஎஸ்ஐ. கடையில் பழக்கத்தில் 32 அடித்துவிடுவார்கள். காலையில், ரயர் சூடாகும் முன் அளந்து சரிசெய்யுங்கள்.

படி 2: காருக்குள் தண்ணீர் தங்காமல் பாருங்கள்

இது துணிக் கூரைக் கார் வைத்திருப்பவர்களுக்கு. எம்எக்ஸ்-5இல் கூரையில் வடியும் தண்ணீர், இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகளால் இறங்கி, பின்சில்லுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேறும். கோடை முழுவதும் கிறவல் புழுதியும் வேப்பம் பூவும் சருகும் அதற்குள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மழைத் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுக்குள் தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது தகடு பொடியாகியிருக்கும்.

அரைப் பேணி தண்ணீரை மெல்ல அந்தத் துளையில் ஊற்றுங்கள். சில வினாடிகளில் கீழே ஒழுகவேண்டும். ஒழுகவில்லையென்றால் கம்பியால் குத்தவேண்டாம், உள்ளே ரப்பர் குழாய் இருக்கிறது, கிழிந்துவிடும். நான் தடித்த தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) ஒரு முழம் எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, மெல்லச் சுழற்றி விடுவேன். முதல்முறை செய்தபோது ஒரு சிரட்டை அளவு கறுப்புச் சேறு வந்தது.

வைப்பர் ரப்பர், முன்விளக்கு, பிரேக் விளக்கு: ஒரே பின்னேரத்தில் பார்த்துவிடலாம்.

படி 3: வெறும் மைதானத்தில் வழுக்கிப் பழகுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த ஒரு வெறும் கிறவல் மைதானத்துக்குப் போங்கள். சுற்றிவர மரம், கம்பம், பிள்ளைகள், ஆடு மாடு எதுவும் இருக்கக்கூடாது. வேகம் 20க்கு மேல் போகவேண்டாம்.

இரண்டாம் கியரில் வட்டமாக ஓடுங்கள். மெல்ல மெல்ல மிதியுங்கள். ஓரிடத்தில் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவது இடுப்புக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும் முன்பே. பின்பக்கம் இடப்பக்கமாகப் போனால் ஸ்டீரிங்கையும் இடப்பக்கம் திருப்புங்கள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். கால் அக்சிலேற்றரில் இருந்து சட்டென்று எழும்பக்கூடாது, பால் பொங்கும்போது அடுப்பைத் தணிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவேண்டும். பிரேக்கைத் தொடவேண்டாம். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை மரத்துக்கே கொண்டுபோகும். பிடிப்புத் திரும்பியதும் ஸ்டீரிங்கை உடனே நேராக்குங்கள், பிந்தினால் மற்றப் பக்கம் அடிக்கும். நான் மூன்று பின்னேரம் இதையே செய்தேன். மூன்றாம் நாள்தான் கை யோசிக்காமல் திரும்பியது.

படி 4: ஏ9 நெடுஞ்சாலையில்

மாங்குளத்திலிருந்து பனிக்கன்குளம், கொக்காவில் தாண்டி வடக்கே போகும் வீதி நேராகவும் அழுத்தமாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து, வேகம் தானாக ஏறும். ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 70. அடைமழையில் நான் 50ஐத் தாண்டுவதில்லை. பாரவாகனங்கள் ஓடி ஓடிப் பதிந்த தடத்தில் தண்ணீர் நிற்கும். ரயர் அந்தத் தண்ணீரை வெட்டித் தள்ள முடியாத வேகத்தில் போனால் கார் தண்ணீருக்கு மேல் ஏறி மிதக்கும். ஸ்டீரிங் திடீரென்று இலேசானால் அதுதான் அறிகுறி. திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், காலை மெல்லக் குறைத்துக் காத்திருங்கள்.

கியர் இறக்குவதிலும் கவனம் வேண்டும். வேகத்தைக் குறைக்க நான்கிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் கிளச்சைப் படாரென்று விட்டால், எஞ்சின் பின்சில்லை மட்டும் பிடித்து நிறுத்தும். ஈரத் தாரில் அது ஹாண்ட்பிரேக் இழுத்ததற்குச் சமம். முதலில் கால்பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு ஒவ்வொரு கியராக இறக்கிக் கிளச்சை மெதுவாக விடுங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயம். காலபோக (மாரிகால நெல்) வேலை நடக்கும்போது உழவு இயந்திரங்கள் வயல் சேற்றைச் சில்லோடு வீதிக்குக் கொண்டுவரும். தாருக்கு மேல் ஒரு சாண் அகலத்தில் சேற்றுக் கோடு போகும், தூறல் பட்டால் சவர்க்காரம் பூசியதுபோல இருக்கும். வயல் வாசல் எங்கே எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது மாடுகள். மழைக்கு நிலம் ஊறியிருப்பதால் இரவில் காய்ந்த இடம் தேடி வீதியிலேயே வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி, மழை. இந்த உயரமில்லாத காரில் உங்கள் கண்ணும் தாழ இருக்கிறது. இருட்டியபின் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள்.

டிக்கியில் மணல் மூடை வைக்கலாமா என்று கேட்பார்கள். பின்பெட்டி வெறுமையான பிக்கப்புக்கு அது உதவும், பின் அச்சுக்கு நேர்மேலே இறுக்கிக் கட்டினால். எம்எக்ஸ்-5இல் முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சமம்; டிக்கி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே மூடை வைத்தால் வழுக்கும்போது பின்பக்கம் இன்னும் வேகமாக வீசும். நான் வைப்பதில்லை.

படி 5: உள்வீதிச் சுரியில் சில்லு புதைந்து தாண்டால்

ஒரு பின்சில்லு சுரியில் சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். மிதித்தால் குழிதான் ஆழமாகும். நிறுத்துங்கள். சுற்றும் சில்லுக்கு முன்னால் சுரியை வழித்துவிட்டு, பொச்சுமட்டையோ சாக்கோ நன்றாகத் திணியுங்கள். இரண்டாம் கியரில், ஹாண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துக்கொண்டு கிளச்சை மெல்ல விடுங்கள். ஹாண்ட்பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கிறது; சும்மா சுற்றும் சில்லை அது கொஞ்சம் தடுத்தால் மற்றச் சில்லுக்கும் இழுவை போகும். வெளியே வந்ததும் ஹாண்ட்பிரேக்கை விட மறக்கவேண்டாம். தள்ள வருபவர்களைச் சில்லுக்கு நேர்பின்னால் நிற்க விடாதீர்கள், கல்லும் மட்டையும் பறக்கும்.

படி 6: வீதியை மூடித் தண்ணீர் பாய்ந்தால்

போகாதீர்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்டது நமக்குத் தெரியும். குளம் வான் பாயும்போது மதகுக்கு மேலே ஓடும் தண்ணீரின் ஆழத்தை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, கீழே வீதி அறுந்திருக்கிறதா என்றும் தெரியாது. ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போகிறதே என்று பின்னால் போகவேண்டாம், அதன் சில்லின் உயரம் வேறு.

தேங்கி நிற்கும் தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். இறங்கி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி வெளியே எடுத்து, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஆழமில்லாத தண்ணீரைக் கடந்து வந்தவர்கள், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், ஓடிக்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று தரம் இலேசாக மிதித்துக் காயவையுங்கள்.

வானொலியில் தாழமுக்கம் என்று சொன்னால் அன்றைக்குக் கார் வீட்டில் நிற்கும், நான் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிப்போவேன். மற்ற நாட்களில், வீட்டுக்கு வந்ததும் கீழ்ப்பக்கத்துச் சேற்றைக் கழுவிவிட்டு, இருக்கைக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் தங்கூசியை மறுபடி எடுக்கவேண்டும்.